வெள்ளைச் சோறு வடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எனக்கு எட்டு வயதாகும் வரை எங்கள் வீட்டில் குழம்பு வைத்ததில்லை. தினமும் சாப்பிட்டோம், வைத்ததில்லை. குழம்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பதிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து சோறு போனது.

அப்போது நாங்கள் அடையாற்றுக் கரையில் குடியிருந்தோம். பக்கத்து வீடு என்பதும் பெயருக்குத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அடுப்பு இருந்த மூலையில், ஒரு சட்டி நுழையும் அளவுக்கு அந்தத் தகரத்தை வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை மடித்துச் சொருகியிருந்தார்கள். ரேஷனில் கிடைத்த கிருஷ்ணாயில் இரண்டு அடுப்பிலும் முழுச் சமையல் செய்யப் போதாது. ஆகவே எங்கள் அம்மா இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சோறு வடித்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தார். யார் முதலில் இந்த யோசனையைச் சொன்னது என்று இருவரும் அடிக்கடி சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தான்தான் என்பார்கள்.

அத்தை எங்களுக்கு உறவில்லை. அம்மாவின் சிநேகிதி. விடிவதற்குள் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்துவந்து, மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் கூடை வைத்து விற்பார். அவருடைய புருஷன் லாரியில் கிளீனர், வந்தால் உண்டு. பிள்ளை இல்லை. கூடையில் விற்காமல் மிஞ்சிய மீன்தான் குழம்பாகும் என்பதால், அத்தைக்கு வியாபாரம் படுத்த நாளில் எங்களுக்கு விருந்து. சின்ன வயதில் நான் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை அத்தையிடம் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது. அதன் பிறகு அரசாங்கம் கரையைக் காலி செய்தது. அத்தைக்கு ஊருக்கு வெளியே, பெரும்பாக்கத்தில், மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. அங்கிருந்து விடிவதற்குள் கடற்கரைக்கு வர முடியாமல் மீன் கூடையை விட்டுவிட்டார். எங்களுக்கும் அங்கேதான் வீடு கிடைத்தது. ஆனால் அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டு மயிலாப்பூரில், அம்மா பாத்திரம் தேய்த்த வீடுகள் மந்தைவெளியில், என் பள்ளிக்கூடமும் அங்கேயே. எனவே அந்த வீட்டைச் சித்தப்பா குடும்பத்திடம் விட்டுவிட்டு, மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் மாடியில் வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். அறையை ஒட்டிச் சின்னதாகச் சமையல்கட்டு. கேஸ் அடுப்பு. அம்மா வாழ்க்கையில் முதல்முறையாகக் குழம்பு வைக்க வேண்டியதாயிற்று.

அவருக்கு அது வரவில்லை. புளியை மட்டுக்கட்டத் தெரியவில்லை. ஒருநாள் குழம்பு புளித்தது, மறுநாள் காரம், மற்றொரு நாள் இரண்டும் இல்லை. அப்பா தட்டைப் பார்த்தபடி, "இன்னாமே இது, மீனு குளிச்சிட்டுப் போன தண்ணி மாதிரி கீது" என்றார்.

"துன்னா துன்னு, இல்லாட்டி எழுந்து போ."

"நான் எழுந்து போய்ட்டா யாரு துன்றது? பூனகூட துன்னாது."

அதற்குப் பிறகு அம்மா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். ரசம், சாம்பார், முட்டைப் பொரியல் என்று சுற்றி வந்தோம். சோறு மட்டும் எப்போதும்போல் உதிரியாக, வெள்ளையாக, தட்டில் வந்து விழும். அதன் மேல் ஊற்றிக்கொள்ள வேண்டியது பெரும்பாக்கத்தில் இருந்தது.

நான் பிறகு பல ஊர்களில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அவற்றில் சில அத்தை வைத்ததைவிடத் தரமானவை என்றுகூடச் சொல்லலாம். அத்தையின் குழம்பில் தேங்காய் கிடையாது. மாங்காய் கிடைத்தால் போடுவார், கிடைக்காவிட்டால் தக்காளி. கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், அவ்வளவுதான். இன்றும் யாராவது மண்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றும் சத்தம் கேட்டால், தகரத்துக்குப் பக்கத்தில் தட்டோடு காத்திருந்தது நினைவுக்கு வந்துவிடுகிறது.

நாங்கள் மந்தைவெளிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பக்கத்து அறையில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். அம்மா அன்றைக்கே வீட்டுக்கார அம்மாவைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை வேறு யாருக்கும் தர வேண்டாம் என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கிவிட்டார். பிறகு அப்பாவின் செல்போனைப் பிடுங்கி அத்தையைக் கூப்பிட்டார். செல்போனில் பேச அம்மாவுக்கு நம்பிக்கை போதாது. பெரும்பாக்கம் வரை கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"பக்கத்து ரூமு காலியாவுதுமே! ஞாயித்துக்கெழம வந்து பாரு. இங்கேயே வந்துடு. மறுபடியும் மீன் கூடயத் தூக்கு. அங்க குந்திக்கினு இன்னா பண்ற?"

அத்தை என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "வராளாம். இங்கதான் துன்னப் போறா" என்றார். அந்த வாரம் முழுவதும் அம்மா வேறு எதையும் பேசியதாக நினைவில்லை.

என்ன சமைப்பது என்பதுதான் பிரச்சினை. மீன் வாங்கலாம் என்று அப்பா சொன்னார். "அவ முன்னாடி நான் மீன் கொழம்பு வைக்கவா?" என்று அம்மா கேட்டதில் அப்பா அடங்கிவிட்டார். சாம்பார் வைத்து விருந்து போட முடியாது. இரண்டு நாள் யோசித்த பிறகு அம்மா கண்டுபிடித்தது பிரியாணி. அதில் இருந்த கணக்கு இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பிரியாணி என்பது சோறு. சோறு அம்மாவுக்கு வரும். பிரியாணி செய்துவிட்டால் குழம்பு வேண்டியதில்லை. தனக்குக் குழம்பு வராது என்பது சிநேகிதிக்குத் தெரியாமலே போய்விடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஆற்றங்கரையில் இருந்தபோது, எங்காவது கல்யாண வீட்டுப் பிரியாணி வாசனை வந்தால், இரண்டு பேரும் தகரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, நாமும் ஒருநாள் இதைச் செய்ய வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். செய்ததில்லை.

கீழ்ப் போர்ஷனில் தையல் வேலை செய்யும் ஒரு பாய் குடும்பம் இருந்தது. வீட்டில் உருது பேசுவார்கள். அந்த அம்மாவிடம் பெரிய அலுமினிய டேக்சாவை அம்மா கேட்டு வாங்கிவந்தார். டேக்சாவோடு யோசனையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கறி வெந்து, அரிசி போட்டு, மூடி மேல் தோசைக்கல்லை வைத்துத் தம் போட்டாயிற்று. அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. சோறு வடிக்கிறவருக்கு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்காமல் கை நிற்காது. மூடியை நகர்த்தும் சத்தம் கீழே கேட்டுவிட்டது. பாய் வீட்டு அம்மா படியில் நின்று, "தொறக்காதீங்கம்மா! தொறந்து தொறந்து பாத்தா தம் எப்டி நிக்கும்? நீங்க பாக்கறீங்கன்னு அது சீக்கிரம் வெந்துடாது" என்று சத்தம் போட்டார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றார், பரீட்சை எழுதும் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நின்று பார்ப்பதைப்போல.

அப்பா சவாரிக்குப் போய்விட்டார். அத்தை மதியத்துக்கு முன்பே வந்தார். ஒரு கையில் பிஸ்கட்டும் ஆரஞ்சும் போட்ட பை. இன்னொரு கையில் ஒயர் கூடை, மேலே துண்டு போட்டு மூடியது. நான் அதுவரை பார்த்திராத புதுப் புடவை கட்டியிருந்தார். மீன் கூடை சுமந்தவர் என்று சொல்ல முடியாது.

"இன்னாமே, எளச்சிட்ட?" என்றார் அம்மா.

"மூணு மாடி ஏறி எறங்கு, நீயும் எளப்ப."

"இங்க ஒரு மாடிதான்."

"அதான் நீ ஊதிட்ட."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுத் தையல் மெஷின் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடியது. அம்மா பாய் வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "சேர்ல குந்து" என்றார். அத்தை திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"யாருக்கு சேரு? எனக்கா?"

"பின்ன யாருக்கு? குந்துமே."

அத்தை உட்கார்ந்தார். தரையில் ஒரு முழங்காலைத் தூக்கி வைத்து உட்காருகிறவர், நாற்காலியில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேர்த்து வைத்துக்கொண்டார். கூடையைக் காலடியில் வைத்து, குனிந்து, அதன் மேல் இருந்த துண்டைப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா வாசன இது? கல்யாண வூடு மாதிரி கீது."

"பிரியாணி! செய்யணும் செய்யணும்னு ரெண்டு பேரும் சொல்லிக்கினே இருந்தோமே."

"செஞ்சிட்டியா?"

"செஞ்சிட்டேன்."

அத்தை கொஞ்ச நேரம் சமையல்கட்டைப் பார்த்தார். அங்கே டேக்சாவைத் தவிர வேறு பாத்திரம் அடுப்பில் இல்லை.

"வெள்ள சோறு வடிக்கலியா?"

"இன்னிக்கு எதுக்கு வெள்ள சோறு? அதத்தான் தெனம் துன்றோமே. நீ வர நாளு, அதுவா போடுவேன்?"

"அதானே" என்றார் அத்தை. துண்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் மற்றதையும் பார்த்தேன். அவருடைய வலது கால், பேச்சுக்கு இடையிலேயே, அந்த ஒயர் கூடையை மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது.

வெங்காயப் பச்சடி பாய் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. அதை எடுத்துவர அம்மா கீழே போனார். நான் உடனே கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். எனக்கு ஏற்கெனவே வாசனை வந்திருந்தது. அறை முழுவதும் பட்டையும் கிராம்பும் நெய்யும் மணந்தபோதும், அதற்குக் கீழே, தரையை ஒட்டி, வேறு ஒன்று இருந்தது. துண்டைத் தூக்கினேன். பெரிய டிபன் கேரியர். பஸ் குலுக்கலில் மூடியோரம் சிவப்பாக எண்ணெய் கசிந்திருந்தது.

"அத்தே, கொழம்பா?"

"ஆமா கண்ணு."

"எனக்கா?"

அத்தை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்ல கண்ணு. வழியில ஒருத்தருக்குக் குடுக்கணும். மூடி வை" என்றார்.

மூடி வைத்தேன். அந்த ஒருத்தர் யார் என்று தெரியாமலே அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அம்மா பரிமாறினார். அவித்த முட்டை, பச்சடி, கடைசியில் சேமியா பாயசம். நன்றாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். அரிசி உடையவில்லை, கறி எலும்பிலிருந்து கழன்று வந்தது. அத்தை மறுமுறை வாங்கிச் சாப்பிட்டார். "நீயும் குந்துமே" என்று இரண்டு தடவை சொன்னார். "நீ மொதல்ல துன்னு" என்று அம்மா கரண்டியோடு நின்றார்.

"உப்பு?"

"எல்லாம் செரியா கீது."

"காரம்?"

"ஷோக்கா கீதுமே. ஒரு கொறயும் இல்ல."

ஆற்றங்கரையில் இப்படி ஒரு வார்த்தையை அத்தை சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே அம்மா அனுப்பிய சோற்றைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் வாங்கிய கையோடு, "இன்னாமே, சோறு வடிச்சியா கஞ்சி காச்சினியா?" என்று குரல் வரும். "உன் கொழம்புல மீனத் தேட வலதான் போடணும்" என்று இந்தப் பக்கமிருந்து பதில் போகும். அந்தச் சோற்றையும் அந்தக் குழம்பையும் இரண்டு பக்கமும் வழித்துத் தின்றோம். இந்த ஞாயிற்றுக்கிழமை குறை ஒன்றும் இல்லை என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு பக்கத்து அறையைக் காட்டக் கூட்டிப் போனோம். அம்மா விடியற்காலையிலேயே அதைப் பெருக்கித் துடைத்திருந்தார். அறையைக் காட்டிய விதத்தில் புரோக்கர் தோற்றுப்போவார்.

"பாத்தியா, ஜன்னலு. குழா உள்ளயே. இது பாரு, தனி கிச்சன்!"

அத்தை கிச்சனுக்குள் போய் நின்றார். எங்கள் அடுப்பு இருக்கும் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"கல்லு செவுரா?"

"நல்ல கெட்டிச் செவுரு. இங்க பேசினா அங்க கேக்காது. நிம்மதியா இருக்கலாம்."

"ஆளுக்கு ஒரு அடுப்பு" என்றார் அத்தை.

"கேஸுமே! ரேஷன் கியூல நிக்க வேணாம், யாரும் யாரையும் எதிர்பாக்க வேணாம்."

அத்தை தலையாட்டினார். நல்ல அறை என்றார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார். அம்மா விடாமல் பேசிக்கொண்டே போனார். ஒவ்வொரு வசதியையும் சொல்லச் சொல்ல அத்தை ஒரு சுற்று அதிகமாகத் தலையாட்டினார்.

வெயில் தாழ்ந்ததும் பஸ் ஸ்டாப்புக்குப் புறப்பட்டோம். கூடையைத் தான் தூக்கிவருவதாக அம்மா சொன்னார். "வேணாம், கனமே இல்ல" என்று அத்தை கையை மாற்றிக்கொண்டார். கனம் இல்லை என்று சொன்னவருடைய உடல் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் வழி நெடுக அந்த ஒருத்தருக்காகக் காத்திருந்தேன். இஸ்திரி வண்டிக்காரரா, பூக்கடை அக்காவா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரிடமும் அத்தை நிற்கவில்லை. ஸ்டாப் வந்துவிட்டது.

"அத்தே, வழியில ஒருத்தருக்குக் குடுக்கணும்னியே, குடுக்கல?"

"இன்னா குடுக்கணும்?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்ல. கொழந்த எதுனா பேசுது."

அம்மா கூடையின் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் துண்டை விலக்கினார். இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்கள். அம்மா மூடியைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை.

"சங்கரா மீனு" என்றார் அம்மா. "மாங்கா போட்டுக்கீற."

"ம்."

"எங்களுக்கா எடுத்துக்கினு வந்த?"

"பழக்கம்தான்மே. நீ சோறு வடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"வந்ததும் சொல்றதுக்கு இன்னா?"

"பிரியாணி மேல ஊத்தியா துன்னுவாங்க?"

சென்னையில் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் கிடையாது.

"இப்ப குடுத்துட்டுப் போ."

"வேணாம். காலையில வச்சது. கெட்டுப் போயிருக்கும்."

புளி ஊற்றி வைத்த மீன் குழம்பு மாலைக்குள் கெடாது. மறுநாள்தான் அது ருசி. அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அத்தைதான். அம்மாவுக்கும் அது தெரியும். அவர் கைப்பிடியை விட்டுவிட்டார்.

பஸ் வந்தது. அம்மா அவசரமாக, "ரூமு? வூட்டுக்கார அம்மா கேக்குமே, இன்னா சொல்லட்டும்?" என்றார்.

அத்தை படியில் ஏறித் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "வேற யாருக்குனா குடுக்கச் சொல்லு. உனக்கு இன்னாமே கொறச்சல்? பிரியாணியே வைக்கிற. இனிமே நீ யாரையும் கேக்க வேணாம்" என்றார். என் கன்னத்தைக் கிள்ள நீட்டிய கை எட்டவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

அந்தக் கேரியரின் எல்லா அடுக்கிலும் குழம்புதான் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கனம். எங்கள் மூவருக்கும் தனக்கும் சேர்த்துப் பழைய அளவில் வைத்து, பஸ் மாறி, மடியில் வைத்துக் காத்துக் கொண்டுவந்திருந்தார். அறையைப் பார்க்கும் முன்பே, எங்களோடு வந்துவிடுவது என்ற முடிவோடுதான் அவர் வந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டு உறுதி செய்துகொள்ள வழியில்லை. அத்தை இப்போது இல்லை.

அதன் பிறகு அவர் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு வந்திருக்கிறார், என் மஞ்சள் நீராட்டுக்கு வந்திருக்கிறார். பிஸ்கட்டும் பழமும் வாங்கி வந்து, போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். விருந்தாளிகள் அப்படித்தான் வருவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா சவாரி முடித்து வந்து, தட்டில் பிரியாணியோடு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா, வராளா?" என்று கேட்டார். அம்மா டேக்சாவின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னும் வேகமாகச் சுரண்டினார். அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கிறது, தன் பெருமையைத் தானே எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே நான் சொன்னேன். பஸ் படியில் நின்று அத்தை சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல், அதே ராகத்தில் சொன்னேன். "அம்மாக்கு ஒரு கொறச்சலும் இல்லியாம்ப்பா. இனிமே யாரையும் கேக்க வேணாமாம்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "வாய மூடிக்கினு துன்னு" என்று அம்மா என்னிடம் சொன்ன குரலில் நான் பயந்துபோனேன். அம்மாவை ஒருவர் அவ்வளவு புகழ்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. அதைச் சொன்னதற்கு எதற்காகத் திட்டு என்று எனக்குப் புரியவில்லை.